மழைப் புத்தகம் எங்கே போகிறது?



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். பெரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்குப் பிரிந்து போன பிறகு, ஆபீசு முற்றத்தில் கம்பி வேலிக்குள் நட்டிருக்கும் ஒரு தகரக் குழாயிடம் கிராணி போவார். மேலே உள்ள புனலைக் கழற்றுவார். உள்ளே சேர்ந்திருக்கும் நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கோட்டைப் பார்ப்பார். பிறகு தண்ணீரைப் புல்லில் கொட்டிவிட்டு, உள்ளே போய் ஒரு நீளப் புத்தகத்தில் ஓர் எண்ணை எழுதுவார். நாம் சிறுவராய் இருந்தபோது, அவர் ஏதோ மருந்து கலக்குகிறார் என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம்.

அந்தக் குழாய்க்கு மழைமானி என்று பெயர். பால்மரத் தோட்டத்தில், மரம் நனைந்தால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் குறையும். ஆகவே மழை எவ்வளவு முக்கியம் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கிராணி எழுதிய அந்த எண், அதற்குப் பிறகு எங்கே போகிறது? யார் அதைப் படிக்கிறார்கள்? இதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

மழையாக விழுந்த நீர் மண்ணில் எவ்வளவு இறங்குகிறது, ஓடையில் எவ்வளவு ஓடுகிறது, மரம் எவ்வளவு குடித்து ஆவியாக விடுகிறது என்று கணக்குப் பார்க்கும் படிப்புக்கு நீரியல் என்று பெயர். இந்தப் படிப்பின் அடித்தளம், கிராணி எழுதுகிறாரே, அதைப் போன்ற எண்கள்தாம்.

சிங்கப்பூரில் நாம் இருக்கும் ஃபேரர் பார்க் வட்டாரத்திலிருந்தே தொடங்கலாம். சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலைத் தாண்டித் தேக்காவை நோக்கி நடந்தால், காண்டாங் கெர்பாவ் என்ற பெயரைக் கேட்கலாம். மலாய் மொழியில் எருமைக் கொட்டில் என்று பொருள். பள்ளமான, சதுப்பான இடம், எருமைக்கு ஏற்றது. அங்கிருந்த மருத்துவமனையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாள்தோறும் மழையை அளந்து எழுதி வந்தார்கள். மருத்துவமனைக்கும் மழைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் பருவநிலையோடு சேர்ந்து வருகின்றன என்று அக்கால மருத்துவர்கள் நம்பினார்கள். அதனால் மழைக்கணக்கும் மருத்துவத் துறையின் பொறுப்பில் இருந்தது.

சிங்கப்பூரின் மாதாந்தர மழைக்கணக்கு 1869ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கிறது. எப்படிக் கிடைக்கிறது? அளந்ததனால் மட்டுமல்ல, அச்சிட்டதனாலும் கிடைக்கிறது. 1880களில் வீட்லி என்பவர் சிங்கப்பூரின் மழையைப் பற்றிக் குறிப்புகள் எழுத, அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை தன் இதழில் அவற்றை வெளியிட்டது. காட்டை அழித்தால் மழை குறையுமா என்ற விவாதம் அன்றே நடந்துகொண்டிருந்தது. அளந்தவர்களெல்லாம் மறைந்துவிட்டார்கள். எருமைக் கொட்டில் இருந்த இடத்தில் ரயில் ஓடுகிறது. எண்கள் மட்டும் இன்றும் நூலகத்தில் இருக்கின்றன.

இதனால் என்ன பயன்? 1969 டிசம்பரில் சிங்கப்பூரில் பெருவெள்ளம் வந்து ஐவர் இறந்தார்கள். 1978 டிசம்பர் 2ஆம் தேதி தொடங்கிய மழையில் 24 மணி நேரத்துக்குள் 512 மில்லிமீட்டர் பெய்தது, எழுவர் இறந்தார்கள். 512 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு? ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். அப்படியானால் ஒரே ஒரு ஏக்கரில் அன்று விழுந்தது 20 லட்சம் லிட்டருக்கும் மேல். இப்படி ஒரு மழை அடிக்கடி வருமா, தலைமுறைக்கு ஒருமுறை வருமா? பழைய புத்தகம் கையில் இருப்பவரே பதில் சொல்ல முடியும். அந்தப் பதிலை வைத்துத்தான் கால்வாயின் அகலத்தையும் ஆழத்தையும் தீர்மானிக்கிறார்கள். மழைக்கணக்கு இல்லாமல் கால்வாய் வெட்டுவது, தலைகளை எண்ணாமல் உலை வைப்பது போலத்தான்.

மழை மட்டுமன்று, தரையும் மாறுகிறது. சாக்கின் மேல் ஒரு வாளி நீரை ஊற்றுங்கள். பாதி ஊறிவிடும், மீதி மெதுவாகக் கசியும். அதே நீரைத் தகரக் கூரையில் ஊற்றினால் உடனே கொட்டிவிடும். காடும் தோட்டமுமாய் இருந்த நிலம் சிமெண்டுத் தரையானபோது சிங்கப்பூருக்கு நேர்ந்தது இதுதான். பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவிஜித் குப்தா என்ற அறிஞர், நகரம் பெருகப் பெருக ஓடும் நீரும் அது அடித்து வரும் வண்டலும் எப்படி மாறுகின்றன என்று 1982இல் சிங்கப்பூர் வெப்பமண்டலப் புவியியல் இதழில் எழுதினார். புக்கிட் தீமாவில் 1972இல் ஒரு திருப்புக் கால்வாயும் 1990இல் மற்றொன்றும் அமைந்தன. 1970களில் 3,200 ஹெக்டேர் நிலம் வெள்ள அபாயத்தில் இருந்தது. பின்னர் அது 30 ஹெக்டேருக்கும் கீழே சுருங்கிவிட்டது. ரோச்சோர் கால்வாயில் ஓடும் மழைநீர்கூட, 2008இல் மரினா அணை கட்டியது முதல், கடலுக்கு வீணாகாமல் குடிநீர்த் தேக்கத்தில் சேர்கிறது.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். நமக்கு அறிமுகமான ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது ஆபீசையும் இடம் மாற்றினார்கள். பழைய மழைப் புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. ஐந்தாறு கிராணிமார்கள் ஒருவர்பின் ஒருவராக எழுதியவை. அவற்றைப் பழைய காகிதத்தோடு சேர்த்து நிறுத்துப் போட்டுவிட்டார்கள். எத்தனை ராத்தல் தேறியது என்பதைக்கூட ஒருவர் பெருமையாகச் சொன்னார்! அளந்தும் அச்சேறாத எண்ணுக்கு இதுதான் கதி.

சரி, அச்சேறினால் போதுமா? நீரியலுக்கென்று உலக அளவில் இதழ்கள் பெருகியது 1960களில். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ‘நீரியல் இதழ்’ 1963இல் வந்தது. அமெரிக்காவிலிருந்து ‘நீர்வள ஆராய்ச்சி’ 1965இல் வந்தது. அதே 1965இல் யுனெஸ்கோ, பன்னாட்டு நீரியல் பத்தாண்டைத் தொடங்கியது. ஒருவர் கட்டுரை அனுப்பினால், அத்துறை அறிந்த வேறு இருவர் மூவர் அதைப் படித்துக் குறை கண்டுபிடிப்பார்கள். அவற்றுக்கு விடை சொன்ன பிறகே அச்சு. அதன்பின் மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் அதை எத்தனை தடவை எடுத்துக்காட்டுகிறார்கள் என்று எண்ணுகிறார்கள். இதழ்களுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. முந்திய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழ் 100 கட்டுரை வெளியிட்டு, அவற்றை இந்த ஆண்டில் 300 தடவை பிறர் எடுத்துக்காட்டியிருந்தால் அதன் மதிப்பெண் 3. உத்தியோகமும் பணமும் இந்த எண்ணைப் பார்த்து வருவதுண்டு.

பால் நிறுக்கிற இடத்தில் நின்று பழகியவர்களுக்கு இதிலுள்ள கோளாறு உடனே விளங்கும். பால்மரம் நட்டு ஆறேழு ஆண்டு கழித்துத்தான் வெட்டுக்கு வருகிறது. இரண்டு ஆண்டில் தராசைக் கொண்டுவந்து, இந்த மரம் ஒரு சொட்டுப் பாலும் தரவில்லை என்றால் எப்படி? நீரியலில் நல்ல ஆய்வு பலவும் பால்மரத்தைப் போன்றவை.

இதற்கு நல்ல உதாரணம் நீலகிரியில் இருக்கிறது. உங்களில் பலருக்கு அங்கே உறவினர் இருக்கலாம். கிளென்மார்கன் என்ற இடத்தில், சோலையும் புல்வெளியுமாய் இருந்த இரண்டு சிறு பள்ளத்தாக்குகளை உதகமண்டலத்து மண்வள, நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர். 1968 முதல் இரண்டிலும் மழையையும் ஓடை நீரையும் அளந்தார்கள். முதல் சில ஆண்டுகள் எதையும் மாற்றவில்லை. இரண்டு ஓடைகளுக்கும் உள்ள இயற்கையான வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பொறுமை. 1972இல் ஒரு பள்ளத்தாக்கில் மட்டும், பாதிக்குச் சற்று மேற்பட்ட பரப்பில், கற்பூரத் தைலமரம் என்கிறோமே, அந்த யூகலிப்டஸை நட்டார்கள். மற்றதை அப்படியே விட்டார்கள். பிறகு என்ன? ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டே இருந்தார்கள்.

சாம்ராஜ், சர்தா, சின்னமணி, லட்சுமணன் முதலியோர் எழுதிய முடிவு, நாம் முன்பு சொன்ன ஆம்ஸ்டர்டாம் இதழில் 1988இல் வெளிவந்தது. அளவெடுப்புத் தொடங்கி 20 ஆண்டு! மரம் நட்ட முதல் பத்தாண்டில், ஓடையில் வரும் நீர் ஆண்டுக்குச் சராசரி 16 விழுக்காடு குறைந்திருந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில், குறைவு ஏறக்குறைய கால்பங்காயிற்று. இந்த இரண்டாம் கணக்கு 1998இல் அதே இதழில் வந்தது. தைலமரம் தண்ணீரைக் குடிக்கிறது என்று மலையிலுள்ள கிழவிகளும் சொல்லியிருப்பார்கள். ஆனால் எவ்வளவு என்று கேட்டால் வாய்ப்பேச்சு நிற்காது. இந்த இரண்டு சிறு ஓடைகளின் எண்களை இன்றும் பல நாட்டார் எடுத்துக்காட்டுகிறார்கள். ஓடை நீரை அன்றாடம் குறித்தெழுதிய களப்பணியாளர்களை யார் நினைக்கிறார்கள் என்பது வேறு கதை.

ஆனால் உலகில் உள்ள ஓடைகளில் பெரும்பாலானவற்றுக்கு அளவுகோலே இல்லை. அவற்றில் எவ்வளவு நீர் வரும் என்று எப்படிச் சொல்வது? 2003 முதல் 2012 வரை பன்னாட்டு நீரியல் அறிவியல் சங்கம் இந்தக் கேள்விக்கென்றே ஒரு பத்தாண்டை ஒதுக்கியது. அதற்கு முதல் தலைவராய் இருந்தவர் முருகேசு சிவபாலன். இலங்கையில் பிறந்த தமிழர். பேராதனையில் பொறியியல் படித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்று, மேற்கு ஆஸ்திரேலியாவிலும் பிறகு அமெரிக்காவின் இல்லினாயிலும் பேராசிரியரானவர். அந்தத் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர் பி.யு.பி. சிங்கப்பூரில் அந்த மூன்று எழுத்தைக் கேட்டால் தண்ணீர் வழங்கும் கழகம்தான் ஞாபகம் வரும். அதற்கும் இதற்கும் உறவில்லை. 2012இல் சிவபாலனும் இரு ஐரோப்பிய அறிஞர்களும் சேர்ந்து, நீரை மட்டும் ஆராய்ந்தால் போதாது, அந்த நீரோடு வாழும் மக்களையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்று எழுதினார்கள். சமூக நீரியல் என்று அதற்குப் பெயரிட்டார்கள். இன்று அத்துறையில் கட்டுரைகள் குவிகின்றன. 2002இல் ஏவிய இரட்டைச் செயற்கைக்கோள்கள், நிலத்தடி நீர் குறைவதை வானிலிருந்தே எடைபோட்டன. வட இந்தியாவுக்கு அந்தக் கணக்கு உதவியது. நம் லயத்துக்குப் பின்னால் உள்ள ஓடை அதன் கண்ணில் படாது.

அந்த ஓடையும் அந்த மலையும் கண்ணில் படாமல் போனால் என்ன ஆகும்? இலங்கையில் பதுளை மாவட்டம், கொஸ்லந்தை, மீரியபெத்த தோட்டம். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலை ஆபத்தானது, மக்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆராய்ச்சி நடந்தது, அறிக்கையும் எழுதப்பட்டது. ஆனால் மக்கள் லயத்தில்தான் இருந்தார்கள். கேரளத்தில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு 70 பேர் மாண்டார்கள். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள். எந்தக் கட்டுரை எத்தனை தடவை எடுத்துக்காட்டப்பட்டது என்று எண்ணுகிறவர்கள், எத்தனை லயங்களுக்கு அது போய்ச் சேர்ந்தது என்றும் எண்ணினால் நன்றாயிருக்கும் என்பது நம் எண்ணம்.

வயநாட்டில் ஒரு நல்ல முயற்சி உண்டு. ஹியூம் மையம் என்ற அமைப்பு, விவசாயிகளிடமும் தோட்டங்களிலும் உள்ள மழைமானிகளிலிருந்து நாள்தோறும் கணக்கைச் சேர்க்கிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் மலை சரிந்தபோது, முந்திய நாளே அந்த மையம் அதிகாரிகளை எச்சரித்திருந்தது. எல்லோரையும் காப்பாற்ற அது போதவில்லை. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயினும் பல்கலைக்கழகத்துக்குப் போகாத கைகள் எழுதிய எண்கள், ஆபத்தை முன்கூட்டியே காட்டின என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் தோட்டத்தில் மழைமானி இருந்தால், பிள்ளைகளை ஒருநாள் அழைத்துப்போய் அதைக் காட்டும்படி கிராணியாரிடம் கேளுங்கள். பழைய புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்றும் கேளுங்கள். மழைமானி இல்லையென்றால், அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள பால்மாவு டின் போதும். மரநிழலும் கூரைத் தாழ்வாரமும் இல்லாத வெட்டவெளியில், சாயாதபடி கற்களுக்கு நடுவே வையுங்கள். தினமும் காலை எட்டு மணிக்கு, அளவுகோலை நேராக இறக்கி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துத் தேதியோடு எழுதிவிட்டு நீரைக் கொட்டிவிடுங்கள். பெருமழை நாளில் மலையில் புது வெடிப்புத் தெரிந்தாலோ, தெளிந்த ஊற்று திடீரென்று கலங்கி வந்தாலோ, எழுதிக்கொண்டிராமல் முதலில் குடும்பத்தோடு விலகிப் போய்விடுங்கள்.

இன்னொன்று. மழையே பெய்யாத நாளில் இடத்தை வெறுமையாக விடாமல் 0 என்று எழுதுங்கள். வெறுமையாக விட்டால், அன்று மழை இல்லையா, எழுத மறந்தோமா என்பது பின்னால் படிப்பவருக்குத் தெரியாது.