ஊரையும் கணினியையும் அறிந்தவர்கள்



உயர்தரப் பரீட்சையில் தகுதி பெறுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு நம் அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை. அதனால் தொழினுட்பக் கல்லூரியிலோ பயிற்சி நிலையத்திலோ கணினி படிப்பவர்களை, வேறு வழியில்லாமல் வந்தவர்கள் என்றே பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் பிழை. நம் முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்றிலும் முள்ளியவளையிலும் கொக்கிளாயிலும் செய்ய ஆளில்லாமல் கிடக்கும் கணினி வேலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஊரையும் கணினியையும் ஒருசேர அறிந்தவர்களே வேண்டும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இலங்கையின் தமிழ் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நெடுங்காலம் புழங்கியது பாமினி எழுத்துரு. அதில் திரையில் 'அ' தெரியும். கணினி சேமிப்பதோ ஆங்கில 'எம்' எழுத்தை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரும். உலகப் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் ஒரு பெயரைத் தட்டித் தேடினால் அந்தக் கோப்பில் அகப்படாது. 1991இல் வெளியான யுனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது; பழைய கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை. மாற்றிய பிறகும் வேலை முடிவதில்லை. 'கொ' என்பதில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் இவற்றை ஒருமைப்படுத்தாத மென்பொருளுக்குக் கொக்கிளாய் இரண்டு ஊராகிவிடும். 2009 வரை நடந்த போரில் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்து, காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்த குடும்பங்கள் வாழும் மாவட்டம் இது. இங்கே ஒரு பெயர் பதிவேட்டில் அகப்படாமற்போனால், அதற்காகப் பிரதேச செயலகத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் அலைவது ஒரு தாயோ வயோதிபரோதான்.

'நிரலை இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதுகிறதே, இந்தப் படிப்பு எதற்கு?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நிரல் எழுதும் உழைப்பில் ஒரு பகுதி குறைந்துவிட்டது உண்மை. ஆனால் அந்தக் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பயின்றவை. தகப்பன் பெயரை முன்னே வைத்து எழுதும் நம் வழக்கத்தைக் 'குடும்பப் பெயர்' கேட்கும் படிவம் குழப்பும்போது, எது யாருடைய பெயரென்று சரிபார்க்க அந்த மக்களை அறிந்த ஒருவர் வேண்டும். கருவி தரும் விடை பிழையென்று கண்டுபிடிக்கவும், அது எப்படிச் சேமிக்கிறது, எப்படித் தேடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். மாணவர்களே, நீங்கள் படித்ததே அதுதான்.

பட்டம் இல்லையே என்ற கவலைக்கும் விடை உண்டு. தேசிய தொழிற்றகைமையில் நான்காம் நிலைக்கு மேலே ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாம் நிலை பட்டத்துக்குச் சமம். கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் தகவல் தொழினுட்பம் கற்பிக்கப்படுகிறது. மேலே படிக்க வழி அடைபடவில்லை.

'இங்கே சம்பளம் எங்கே?' என்பதுதான் கடினமான கேள்வி. ஊரில் வேலை குறைவு. அதை மறைத்துப் பேசுவது உங்களுக்குச் செய்யும் அநியாயம். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அலுவலகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பதிவேடுகளைச் சீராக்கும் இந்த வேலைக்கு ஆளெடுத்துக் கூலி கொடுக்க வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் அதிகாரிகளிடம் அதை நேரடியாகவே கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களே, உங்கள் ஊர்ச் சங்கத்திலோ பள்ளிக்கூடத்திலோ பாமினியில் கிடக்கும் ஒரு பதிவேட்டையாவது இந்த ஆண்டுக்குள் யுனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள்.