ஆமை முதுகில் சவாரி

நடுவர் அவர்களே! ‘விடுமுறையின் இன்பம் ஆடிக் களிப்பதிலா, அமர்ந்து பார்ப்பதிலா?’ இதுதான் தலைப்பு. ‘சும்மா பார்த்துக்கிட்டு உட்காரவா காசு செலவழிச்சுக் கடல் தாண்டிப் போறது?’ன்னு எதிரணி அம்மையார் கேட்டாங்க.

ஆஸ்திரேலியாவின் கிழக்கே ‘கிரேட் பேரியர் ரீஃப்’ என்னும் பெரும் பவளப்பாறை வரிசை. அதிலே ஹெரான் தீவு, கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். 1920-களில் அங்கே என்ன இருந்தது தெரியுமா? ஆமை சூப்பை டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலை! ஆமை குறைஞ்சுது, தொழில் படுத்துது. 1932-ல் அதே இடம் விடுதியாச்சு. அந்தக் காலத்தில் அந்தக் கடல் தீவுகளுக்கு வந்தவங்க சும்மா இருந்தாங்களா? முட்டையிட்டுக் களைச்சுத் திரும்புற பேராமை முதுகிலே ஏறிச் சவாரி! அம்மா, ஆடிக் களிக்கிறதுன்னா இதுதான்! (சிரிப்பு)

இன்னிக்குப் பகலிலே மூச்சுக்குழாயைக் கவ்விக்கிட்டு மீன்களோட மிதக்கிறாங்க. தண்ணி வற்றினா வழிகாட்டியோட பவளப்பாறை மேலே நடக்கிறாங்க. அதெல்லாம் இருக்கட்டும். நவம்பர் முதல் மார்ச் வரை, ராத்திரியிலே மணலில் அசையாம உட்கார்றாங்களே, அதைச் சொல்லணும். டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் கரையேறுகிற தாய் அப்படியே திரும்பிடும். முட்டையிடுகிற பருவம் வரவே அதுக்கு முப்பது வயசுக்கு மேல ஆகுது, ஐயா! துடுப்பாலே குழி பறிச்சு, நூறு முட்டை போல இடுது. கண்ணிலே தண்ணி வழியுது. உடம்பிலே சேர்ந்த உப்பை வெளியேற்றுகிற சுரப்பி என்கிறது விஞ்ஞானம். எங்க வீட்டம்மா நம்ப மாட்டேங்கிறாங்க, ‘பெத்தவளுக்குத்தான் தெரியும்’னுட்டாங்க! (கைதட்டல்)

முதுகிலே ஏறி உட்கார்ந்தவனுக்கு அந்தக் கண்ணு தெரிஞ்சிருக்குமா, நடுவர் அவர்களே?