செவியும் மொழியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பொருள் விளங்காத ஒரு மொழியைக் காதாற் கேட்டே, அஃது இன்ன மொழியென்று அறிதல் கூடுமோ? கூடும். நம் வீட்டுச் சிறுவர்களும் அதனைச் செய்கிறார்கள். கோயிலிலே குருக்கள் மந்திரஞ் சொல்லி நிறுத்த, ஓதுவார் தேவாரந் தொடங்குகிறார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டினது பொருளும் விளங்காது. ஆயினும் பின்னது தமிழென்று அது அறியும். எப்படி? 'ப்ர', 'ஸ்த' என மெய்யிரண்டு சேர்ந்து தொடங்குஞ் சொற்கள் வடமொழியிற் பல. மூச்சை உந்திச் சொல்லும் ஒலிகளும் அங்கே மலிந்துள்ளன. தமிழோ ஒரு சொல்லை அவ்வாறு தொடங்க விடாது. மொழிக்கு முதலில் வரும் எழுத்துக்கள் இவையென்று தொல்காப்பியர் வகுத்ததைப் பிள்ளை படிக்கவில்லை. அதன் செவி படித்திருக்கிறது.

பிற மொழிகளுக்கும் வழி இதுவே. பொருளை விட்டுவிட்டு, சொல்லின் தலையையும் வாலையும் கவனிக்க வேண்டும். யப்பானியச் சொற்கள் உயிரொலியில் முடியும், அன்றேல் மூக்கொலியில் முடியும். அங்கேரியர் எச்சொல்லையும் முதலசையில் அழுத்துவர்; போலந்து மக்கள் பெரும்பாலும் ஈற்றுக்கு முந்திய அசையில் அழுத்துவர். தாய்லாந்து மொழியிலே தொனிகள் ஐந்து. தொனி மாறினாற் சொல்லே வேறாகிவிடும். மலையாளம் மாத்திரம் நம்மை ஏமாற்றும். பாதி விளங்குவதாற் செவி சோம்பிவிடுகிறது!

இனி, சொல்ல மனமில்லாத ஒன்றையுஞ் சொல்ல வேண்டும். நான் படித்தது மிஷன் பாடசாலையில். அங்கு வேதாகம வகுப்பிலே, நியாயாதிபதிகள் ஆகமத்தின் 12 ஆம் அதிகாரத்தைக் கேட்டேன். யோர்தான் ஆற்றுத் துறையிற் காவல் நின்றோர், கடக்க வந்தவர்களை 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். 'சிபோலேத்' என்றவன் எப்பிராயீமியன்; அவனை வெட்டினார்கள். மாண்டவர் தொகை 42,000 என்கிறது அந்நூல். பழங்கதையென்று எண்ணினேன். 1983 யூலையிலே நமது நாட்டிலும் பஸ்களை மறித்து, வாளிக்குரிய சிங்களச் சொல்லாகிய 'பால்திய' என்பதைச் சொல்லச் சொன்னார்கள் என்று பின்னர் அறிந்தேன். முதலொலி பிசகியவர் தமிழர்.

அவ்வொலி நமக்கு வராத ஒலியுமன்று. 'தம்பி' என்று கூப்பிடுந்தோறும் அதனையே சொல்கிறோம். மகரத்தின் பின்னே இயல்பாக வருவது, சொல்லின் முதலில் வந்து பழக்கமில்லை. வேறுபாடு அவ்வளவே. அதற்கு ஓர் உயிரா?

பல்கலைக்கழக விடுதியிலே சிங்கள நண்பர் ஒருவரிடம் அச்சொல்லைச் சொல்லிக் காட்டினேன். மூன்றாம் முறைதான் சரியென்றார். பதிலுக்கு 'வாழைப்பழம்' சொல்லும்படி கேட்டேன். அவருக்கு இன்னும் வரவில்லை. நம்மவரிற் பலருக்கும் வராததுதானே அது!