தலைச்சுற்றலும் உட்செவியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியையும் விவாக விஷயங்களையும் பற்றியே பெரும்பாலும் பேசப்பெறும் இம்மேடையில் இன்று ஒரு நோயைக் குறித்துப் பேச யாம் முன்வந்தமைக்குக் காரணம் உண்டு. நம் இல்லங்களில் வயது முதிர்ந்தோருள் "தலை சுற்றுகிறது" என்று ஒருமுறையேனும் சொல்லாதார் அரியர். அச்சொல்லைக் கேட்டவுடன் பித்தம் என்று இஞ்சிச்சாறு கொடுப்பாரும், இரத்தக் கொதிப்பு என்று அஞ்சுவாரும், கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டதென்று கழுத்துக்குப் பட்டை கட்டுவாரும், கண்ணேறு கழிப்பாரும் பலர். செவியை நினைப்பாரோ மிகச் சிலர். சில நிமிஷங்களில் நீக்கத்தக்க நோய்க்காக ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்பாரும், கிறுகிறுத்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையே கதியாய்க் கிடப்பாரும் நம்மிடையே இருத்தலால், இவ்விஷயம் மருத்துவர்களுக்கு மாத்திரம் உரியதன்று.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். எழுந்து நிற்கும்போது கண் இருண்டு வருதல் வேறு. அது பெரும்பாலும் இரத்த அழுத்தம் தாழ்வதால் நேர்வது. நடக்கையில் கால் தள்ளாடுதல் வேறு. தாம் அசையாதிருக்கவும் வீடும் தூணும் விட்டமும் சுழல்வதாகத் தோன்றுதல் வேறு. இம்மூன்றாவதே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள். மருத்துவரிடம் செல்வோர் வெறுமனே தலைச்சுற்றல் என்னாது, இவற்றுள் எது, எவ்வளவு நேரம் நின்றது, எதைச் செய்தபோது வந்தது என்று சொல்வாராயின் நோயைப் பாதி கண்டறிந்தவாறாகும்.

செவி கேட்பதற்கு மாத்திரம் அமைந்ததன்று. செவிப்பறைக்கும் அப்பால், தலையெலும்பினுள்ளே, உட்செவி என்னும் நுண்ணிய உறுப்பு உள்ளது. அதில் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள. அவற்றுள் நீர் நிறைந்திருக்கின்றது. நீர் நிறைந்த செம்பைச் சட்டென்று திருப்பினால் செம்பு திரும்பும். உள்ளிருக்கும் நீர் உடனே திரும்பாது பின்தங்கும். அவ்வாறே நாம் தலையைத் திருப்புங்கால் குழாயிலுள்ள நீர் பின்தங்கி, அங்குள்ள மெல்லிய தடுப்பை வளைக்கின்றது. அவ்வளைவே "தலை திரும்பிற்று" என்னும் செய்தியாக மூளைக்குச் செல்கின்றது. தட்டாமாலை சுற்றும் சிறுவர் நின்ற பின்னும் உலகம் சுற்றுவதாகக் கூவுதல் இதனாலேயே: கால் நின்றது, நீர் நிற்கவில்லை. இக்குழாய்களின் அடியிலுள்ள இரண்டு பைகளில் சுண்ணாம்புச் சத்தாலாகிய நுண்ணிய துகள்கள் ஒட்டிக்கொண்டு, மேல் எது கீழ் எது என்பதை நமக்கு உணர்த்துகின்றன. இத்துகள்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் அறியப்பட்டது அண்மைக் காலத்திலேதான். மூளையில் இரத்தம் மிகுதலால் தலை சுற்றுகின்றதென்று கருதி, நோயாளியின் இரத்தத்தை வடித்த காலமும் இருந்தது. பாரிஸ் நகரத்தில் செவிட்டூமையர் நிலையத்து மருத்துவராயிருந்த பிராஸ்பர் மெனியேர் என்பவரே, சுழற்சியும் காதிரைச்சலும் செவிட்டுத்தன்மையும் உட்செவிக் கோளாறால் வரக்கூடும் என்று 1861-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார்.

அவருக்குப் பின் வந்தவருள் வியன்னா நகரத்து ராபர்ட் பாராணியின் வரலாறு சுவையுடையது. நோயாளிகளின் காதை அவர் நீரால் கழுவுங்கால், நீர் குளிர்ந்திருப்பின் அவர்களுக்குத் தலை சுற்றிற்று. விழிகள் ஒருபக்கமாகத் துடித்தன. நீர் மிகச் சூடாக இருப்பின் விழிகள் எதிர்ப்பக்கமாகத் துடித்தன. சூட்டால் குழாயிலுள்ள நீர் இலேசாகி மேலெழுகின்றது, குளிர்ச்சியால் கனத்துக் கீழிறங்குகின்றது என்று அவர் அனுமானித்தார். இதுகொண்டு எக்காது பழுதுற்றதென்று சோதிக்கும் முறையை வகுத்தார். அம்முறை இன்றும் வழங்குகின்றது. 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டபோது அவர் ருஷ்யரின் யுத்தக் கைதி! ஸ்வீடன் இளவரசர் கார்லின் முயற்சியால் 1916-இல் விடுதலை பெற்றார். (1983-இல் விண்கலத்தில், எடையற்ற நிலையிலும் இச்சோதனையில் விழி துடித்ததால், அவர் கூறிய காரணம் முழுக் காரணமன்று என்பது புலனாயிற்று. அதனால் அவர் பெருமை குறைந்ததென்று யாம் கருதவில்லை.)

இனி, நம் இல்லங்களில் மிகுதியாகக் காணப்படும் வகைக்கு வருவோம். விடியலில் படுக்கையில் புரண்டவுடன், அல்லது பரணைப் பார்க்கத் தலையை அண்ணாந்தவுடன், உலகம் சுழலும். ஒரு நிமிஷத்துக்குள் அடங்கும். மறுபடி அப்பக்கம் புரண்டால் மறுபடி சுழலும். காது கேட்பதில் குறையிராது. இதன் காரணம் முற்கூறிய சுண்ணாம்புத் துகள்களே. முதுமையாலோ, தலையில் அடிபட்டதாலோ, நெடுநாள் படுத்திருந்ததாலோ சில துகள்கள் பையினின்றும் பிரிந்து அரைவட்டக் குழாயினுள் விழுந்துவிடுகின்றன. தலை அசையுங்கால் அவை உருண்டு நீரையும் இழுத்துச் செல்ல, அசைவு நின்ற பின்னும் சுழல்வதாகப் பொய்ச்செய்தி மூளைக்குப் போகின்றது. இதனை மாத்திரையால் கரைக்க முயல்வது, சல்லடையில் சிக்கிய கல்லைக் கஷாயத்தால் கரைக்க முயல்வது போலாம். கல்லை உருட்டி வெளியேற்றுதலே வழி.

அவ்வழியைக் கண்டவர் அமெரிக்க நாட்டு மருத்துவர் ஜான் எப்லி. முதலில் அவருடைய சக மருத்துவர்களே அதனை நம்பவில்லை. 1992-இல் அவர் கட்டுரை வெளிவந்த பின்னரே உலகம் மெல்ல ஏற்றது. வலக்காது பழுதாயின் முறை இது: நோயாளியைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரச் செய்து, முகத்தை வலப்புறம் பாதியளவு திருப்பி, அப்படியே வேகமாக மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைச் சிறிது தாழ்த்துவர். சுழற்சி எழும், அஞ்சலாகாது. அது அடங்கும்வரை பொறுத்து, தலையை இடப்புறமாகத் திருப்புவர். மீண்டும் பொறுத்து, உடலையும் இடப்புறம் புரட்டி, முகம் தரையை நோக்குமாறு செய்வர். பின்னர் மோவாய் தாழ்ந்திருக்க இடப்பக்கமாகவே எழுப்பி உட்கார்த்துவர். துகள்கள் குழாயைச் சுற்றிவந்து பழைய பைக்குள் விழுந்துவிடும். பலருக்கு ஓரிரு முறையிலேயே குணம் தெரியும். சிலருக்குச் சில மாதங்களில் மீளவும் வரும்; மீளவும் இதனையே செய்யலாம். எக்காது, எக்குழாய் என்பதை முதலில் மருத்துவர் விழியசைவைப் பார்த்து நிச்சயிக்க வேண்டும். கழுத்து நோயுடையார் தாமே முயலுதல் கூடாது.

நாட்கணக்கில் ஓயாது சுழன்று வாந்தியும் உண்டாகி, கேள்வி மாத்திரம் கெடாதிருப்பின், அது உட்செவி நரம்பின் அழற்சியாகலாம். முதல் இரண்டு மூன்று நாள் மருந்து வேண்டும். அப்பால் படுத்தே கிடத்தல் தகாது. எழுந்து நடக்க நடக்கவே மூளை பழகிக்கொள்ளும். சுழற்சியை அடக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் உண்டால் இப்பழக்கம் தடைப்படுவதோடு, முதியோர்க்குக் கைநடுக்கமும் உடல் விறைப்பும் உண்டாகக் கூடும். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மீண்டும் மீண்டும் அம்மாத்திரையை வாங்கும் வழக்கம் நம்மவரிடையே மிகுதி; அதனை யாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம்.

மெனியேரின் பெயரால் வழங்கும் நோயில் சுழற்சி இருபது நிமிஷம் முதல் பல மணி நேரம் நிற்கும். காது அடைத்து இரையும். கேள்வி நாளடைவில் குறையும். அதில் ஊறுகாய், அப்பளம், கருவாடு முதலிய உப்பு மிகுந்தவற்றைக் குறைக்கச் சொல்வர். ஒற்றைத் தலைவலி உடையார்க்கு, இளம்பெண்கள் உள்பட, அதன் தொடர்பாகவும் சுழற்சி வருவதுண்டு. வரன் பார்க்கும் காலத்தில் ஊரார் காக்காய்வலிப்பு என்பார்களென்று அஞ்சிப் பெற்றோர் இதனை மறைத்து, மருத்துவரிடமும் காட்டாதிருப்பது கொடுமையிலும் கொடுமை. க்ஷயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டவர்க்கு நடை தள்ளாடினால், அம்மருந்து உட்செவியைத் தாக்கிற்றோ என்று உடனே கேட்க வேண்டும்.

ஆயினும் எல்லாச் சுழற்சியும் செவியினின்றே எழுவதன்று. சுழற்சியோடு பேச்சுக் குழறல், பொருள் இரண்டாகத் தெரிதல், முகம் கோணுதல், கை கால் சோர்தல், விழுங்க இயலாமை, பிடிப்பின்றி நிற்கவே முடியாமை, முன்னொருபோதும் இல்லாத கடுந் தலைவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், சிறுமூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டதென்று ஐயுற்று அந்நாழிகையே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்து நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்துதற்குரியது. ஒரு காது திடீரெனச் செவிடாதலும் அன்றே காட்டத்தக்கது. இவ்விடத்தில் இஞ்சிச்சாறு பிழிந்துகொண்டிருத்தல் ஆகாது.

எப்லியின் முறையைச் சொல்லாற் கேட்டல் போதாதாகலின், மேடையின் வலப்புறம் ஒரு கட்டில் இடப்பட்டிருக்கின்றது. நமது சங்கத்து மருத்துவ அன்பர் இப்பொழுது அதனைச் செய்து காட்டுவார். முதியோரை இல்லத்தில் உடையவர்கள் முன்வரிசைக்கு வருக.