கேட்கத் தெரிந்த ஒருவரைத் தேடி

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று மாலை என்னைப் பேசும்படி பணித்த செயலாளர் அவர்கள், "இளைஞரும் மதுவிலக்கும்" என்னும் பொருளைத் தந்தார். அப்பொருள்பற்றி இம்மேடையில் என்னிலும் வல்லார் பலர் பேசியிருக்கின்றனர். மது தீயது என்று நான் இன்னொரு முறை எடுத்துரைப்பதனால் இங்கு அமர்ந்திருப்போர் புதிதாக ஒன்றையும் அறியப்போவதில்லை. குடிப்பவரோ இக்கூட்டத்துக்கு வரப்போவதுமில்லை. ஆதலின், தலைவரின் அனுமதியுடன் பொருளைச் சற்றே மாற்றிக்கொண்டு, சென்ற ஆண்டில் நான் மேற்கொண்ட ஒரு தேடலைப்பற்றிச் சொல்ல விரும்புகிறேன். இதிற் சம்பந்தப்பட்டவர் என் பெரியம்மாவின் மகன். பெயரைச் சொல்லாதிருந்தால் விஷயத்தைச் சொல்லலாம் என்று அவரே அனுமதி தந்திருக்கிறார்.

அண்ணா கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் வசிக்கிறார். ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை. வேலை முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பியதும் குடிக்கத் தொடங்கினார்; பின்னர் வேலைக்குப் போகுமுன்னும் குடிக்கலானார். பெரியம்மா ஒருநாள் என்னை அழைத்து, "மோனை, நீ மிஷன் பள்ளிக்கூடத்திலே படிச்சனி, இங்கிலீசும் தெரியும். இன்ரநெற்றிலே ஒரு நல்ல டொக்டரைப் பாத்து அவனுக்குக் குடு" என்றார்.

டொக்டரைப் பார்க்குமுன் நானே டொக்டர் ஆகிவிட்டேன். எங்கள் கல்லூரி விவாத சங்கத்தில் மூன்று ஆண்டுகள் பேசியவன் என்ற இறுமாப்பு எனக்கிருந்தது. பேராதனை விடுதியிலிருந்து அண்ணாவைத் தொலைபேசியில் அழைத்து, ஈரல் கெடுவதையும், வேலை போவதையும், பெரியம்மாவின் கண்ணீரையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன். அவர் கூறிய ஒவ்வொரு சமாதானத்துக்கும் என்னிடம் மறுப்பு இருந்தது. அன்று நடுவர் எவரேனும் இருந்திருப்பின் எனக்கே வெற்றி அளித்திருப்பார். "நீ எனக்குப் படிப்பிக்க வாறியோ?" என்று கேட்டுவிட்டு அண்ணா இணைப்பைத் துண்டித்தார். அதன்பின் ஆறு வாரங்கள் என் அழைப்பை அவர் எடுக்கவே இல்லை.

அந்த ஆறு வாரங்களிலேதான், பல்கலைக் கழக நூல்நிலையத்தில் வேறு எதையோ தேடப்போய், "மோற்றிவேஷனல் இன்ரவியூயிங்" என்னும் முறையைப்பற்றி வாசித்தேன். "இன்ரவியூ" என்றதும் நமக்கு உத்தியோகத்துக்கான நேர்முகப் பரீட்சையே நினைவுக்கு வரும். இது அதுவன்று. ஊக்க உரையாடல் என்று நான் தமிழில் வைத்துக்கொண்டேன். இதனிலும் நல்ல சொல் இருப்பின் தமிழறிஞர்கள் தருவார்களாக.

இம்முறையின் பிறப்பு சுவையானது. வில்லியம் மில்லர் என்பவர் ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோப் பல்கலைக் கழகத்து உளவியலாளர். 1982 இல் அவர் நோர்வே நாட்டின் பேர்கன் நகருக்கு அருகேயுள்ள ஒரு மதுச் சிகிச்சை நிலையத்தில் இளம் உளவியலாளருக்குப் பாடம் நடத்தினார். அவர்கள் வெறும் விரிவுரையுடன் திருப்தியடையவில்லை. "நாங்கள் நோயாளிபோல் நடிக்கிறோம், நீங்கள் பேசிக் காட்டுங்கள்" என்றனர். அவர் பேசும்போது இடைமறித்து, "ஏன் இந்தக் கேள்வி? ஏன் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னீர்கள்?" என்று துளைத்தனர். தாம் அறியாமலே ஓர் ஒழுங்கைப் பின்பற்றி வந்திருப்பதை அப்போதுதான் மில்லர் கண்டார். அதனை எழுதி 1983 இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். பின்னர் ஸ்ரீபன் றொல்னிக் என்பவர் அவருடன் சேர, இருவருமாக 1991 இல் நூலாக்கினர். அந்நூலின் நான்காம் பதிப்பு 2023 இல் வந்தது. ஆசிரியரைக் கேள்வி கேட்டதற்காக வகுப்புக்கு வெளியே நின்ற அனுபவம் உள்ளவன் நான். ஆகையால் அந்த நோர்வே மாணவர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

இனி, முறையின் உட்பொருள். குடிப்பவர் ஒருவரது மனம் ஒருபுறமாக நிற்பதில்லை. விடவேண்டும் என்று ஒரு பாதி சொல்கிறது. விடமுடியாது, விடத் தேவையில்லை என்று மறுபாதி சொல்கிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்து "விடு" என்று வாதாடினால், அந்தப் பாதியின் வேலையை அவரே செய்துவிடுகிறார். கேட்பவருக்கு மிஞ்சுவது மற்றப் பாதிதான். அவர் அதனைப் பேசுகிறார். பேசப் பேச அதனையே நம்புகிறார். நான் அண்ணாவுக்குச் செய்த உபகாரம் இதுவே. பிழையைக் கண்டவுடன் திருத்தத் துடிக்கும் நம் கைப்பழக்கத்தை மில்லரும் றொல்னிக்கும் தனிப்பெயரிட்டே எச்சரிக்கின்றனர். 1993 இல் மில்லரும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்த்து வாதாடினாரோ அவ்வளவுக்கு ஓராண்டின் பின்னரும் அவரிடம் வந்தவர் அதிகம் குடித்தார் என்று காணப்பட்டது. இதனை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே போய் நின்றேன்.

ஆகவே இம்முறை அறிந்த ஆலோசகர் என்ன செய்வார்? ஆம், இல்லை என்று விடை கூறமுடியாத கேள்விகளைக் கேட்பார். வந்தவர் சொன்னதை, அதன் உட்கருத்தோடு, திருப்பிச் சொல்வார். அவரிடமுள்ள நல்ல முயற்சியை உண்மையாகவே பாராட்டுவார். மாற்றத்துக்கான காரணங்களை வந்தவர் வாயிலிருந்தே வரச்செய்வார். வெறும் தலையாட்டிக் கேட்டல் என்று இதனை எண்ணிவிடலாகாது. பல சொற்களுக்கிடையே "பிள்ளைக்காகவாவது" என்று ஒரு சொல் வந்து விழும்போது, அதனைத் தவறவிடாமற் பிடித்துக்கொள்ளும் காது வேண்டும்.

இத்தகைய ஒருவரை இணையவழியிலே தேடப் புறப்பட்டேன். ஆலோசகர்களின் பெயர்ப்பட்டியல்கள் இணையத்தில் உண்டு. ஊர், மொழி, கட்டணம், சிகிச்சை முறை என்று குறியிட்டுச் சல்லடை போடலாம். ஊக்க உரையாடல் என்று குறியிட்டதும் பக்கம் பக்கமாக முகங்கள் வந்தன. முதலில் மகிழ்ந்தேன், பின்னர் கவனித்தேன். ஒருவர் தமக்குத் தெரிந்த முறைகள் என்று இருபதுக்கு மேல் எழுதியிருந்தார்; அதில் இதுவும் ஒன்று. நம்மூர்க் கடைகளில் "சகலவிதமான சாமான்களும் கிடைக்கும்" என்று எழுதியிருக்குமே, அதுபோல.

இங்கே ஒரு சிக்கலை நண்பர்கள் அறிந்திருத்தல் நன்று. இம்முறையைக் கையாள்வதற்கென்று தனியான அத்தாட்சிப் பத்திரம் கிடையாது. பயிற்றுநர்களின் உலகளாவிய அமைப்பு ஒன்று உண்டு, மின்ற் என்பர். அவர்கள் பயிற்றுநரின் பெயர்களை வெளியிடுகின்றனரே தவிர, இன்ன ஆலோசகர் இம்முறையில் வல்லவர் என்று எவருக்கும் முத்திரை குத்துவதில்லை. இரண்டு நாட் பட்டறைக்குப் போனவரும் இம்முறை தெரியும் என்று எழுதிக்கொள்ளலாம். 2001 இல் மில்லரும் மவுண்ட் என்பவரும் வெளியிட்ட சிறு ஆய்வு, அப்படிப்பட்ட பட்டறைக்குப் பின் பயின்றவர்கள் தாம் மிகவும் மாறிவிட்டதாக எண்ணினர் என்றும், ஒலிப்பதிவைக் கேட்டபோது மாற்றம் சொற்பமே என்றும் காட்டியது. உரையாடலை ஒலிப்பதிவு செய்து, தேர்ந்தவர் கேட்டுத் திருத்தினாற்றான் கை பழகுகிறது. அவ்வாறு கேட்பதற்கு ஓர் அளவுகோலும் உண்டு. ஆலோசகர் கேட்கும் ஒரு கேள்விக்கு, திருப்பிச் சொல்லல் ஒன்றாவது இருக்கவேண்டும். இரண்டு இருந்தால் நன்று என்பர்.

ஆகையால் இரண்டு சோதனை வைத்தேன். முதலாவது சட்டப்படியானது. ஒன்ராறியோ மாகாணத்தில் "உளச்சிகிச்சையாளர்" என்ற பெயரை 2015 முதல் பதிவுபெற்றோரே பாவிக்கலாம். பதிவேட்டை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இணையவழிதானே என்று உலகின் எம்மூலையிலிருந்தும் ஒருவரைப் பிடிக்கலாகாது. சிகிச்சை பெறுபவர் இருக்கும் இடத்துச் சட்டமே பெரும்பாலும் கேட்கப்படும். இரண்டாவது சோதனை கேள்வி. "இம்முறையை எங்கே பயின்றீர்கள்? உங்கள் உரையாடலின் ஒலிப்பதிவை யாராவது கேட்டுத் திருத்தியதுண்டா? மாற விருப்பமில்லாத ஒருவர் வந்தால் முதல் நாள் என்ன செய்வீர்கள்?" என்று ஐந்து பேருக்கு எழுதினேன். இருவர் பதிலே தரவில்லை. ஒருவர் கட்டண விபரம் மட்டும் அனுப்பினார். ஒருவர் நன்றாகவே விளக்கினார். ஐந்தாவது அம்மையாரின் பதில்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது: "உங்கள் அண்ணாவுக்கு நீங்கள் ஆலோசகர் தேடுவது அவருக்குத் தெரியுமா?"

தெரியாது. அவர் வராமல் நான் இடம் பதிவுசெய்வதிற் பயனில்லை என்று அவர் மரியாதையாக எழுதி, வீட்டாருக்கென்றே ஒரு முறை இருப்பதையும் குறிப்பிட்டார். கிறாவ்ற் என்று அதன் பெயர். 1999 இல் மில்லரும் றொபேட் மேயர்சும் ரோனிகனும் வெளியிட்ட ஆய்வில் 130 பேர், குடும்பத்தினரும் நண்பருமாக, மூன்று முறைகளுக்குப் பிரித்துவிடப்பட்டனர். எல்லோரும் திரண்டு குடிப்பவரை எதிர்கொண்டு நெருக்கும் முறையில் 30 சதவீதமானோரே சிகிச்சைக்கு வந்தனர். அல்-அனன் வழியிற் சென்றவர் வீட்டில் 13 சதவீதம். வாதாடாமலும், குடியாத வேளையில் அன்பாக நெருங்கியும், தக்க தருணம் பார்த்துச் சிகிச்சையைப்பற்றிப் பேசியும் பழகுவிக்கும் கிறாவ்ற் முறையில் 64 சதவீதம். நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் முதலாவது முறையே. மாமா, சித்தப்பா, கோயில் தர்மகர்த்தா என்று கூட்டம் கூட்டிவிடுவோம்.

அதன்பின் அண்ணாவுக்கு ஒரு சிறு செய்தி அனுப்பினேன்: "அன்று நான் பேசியது பிழை. இனிப் படிப்பிக்கமாட்டேன்." இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். கிரிக்கற், மழை, என் விடுதிச் சாப்பாடு என்று பேச்சுப் போயிற்று. மூன்றாம் அழைப்பிலே அவராகவே, "குடியும் கூடிப்போச்சுதடா" என்றார். என் நாக்கு நுனியில் பத்து வசனங்கள் வந்து நின்றன. விழுங்கிக்கொண்டு, நூலிற் படித்த ஒரு கேள்வியைக் கேட்டேன்: "பூச்சியத்திலிருந்து பத்துவரை எண்ணினால், குடியைக் குறைக்கவேணுமெண்ட எண்ணம் உங்களுக்கு எத்தனையிலே நிக்குது?" "நாலு" என்றார். ஏன் பத்து இல்லை என்று கேட்கத்தான் எவருக்கும் தோன்றும். அப்படிக் கேட்டால் விடாமலிருப்பதற்கான காரணங்களே வரும். "ஏன் அண்ணா ஒண்டோ இரண்டோ சொல்லாமல் நாலு எண்டு சொன்னியள்?" என்றேன். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, மகள் தம்மோடு காரில் ஏற மறுத்த ஒரு காலையைப்பற்றிச் சொன்னார். எவருக்கும் அதுவரை அவர் சொல்லியதில்லை.

"நான் மூன்று பேரின் பெயர் பாத்து வைச்சிருக்கிறன், அனுப்பட்டோ, வேண்டாமோ?" என்று கேட்டேன். அனுப்பச் சொன்னார்.

தெரிவை அவரிடமே விட்டேன். தமிழ் பேசும் ஒருவரை அவர் எடுப்பார் என்று எண்ணியிருந்தேன். அவரோ வேண்டாம் என்றார். ஸ்காபரோவில் தமிழர் எல்லோரும் ஒருவருக்கொருவர் ஏதோ வகையில் உறவு என்பது அவர் அச்சம். ஆலோசகர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்று விளக்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். மற்றொரு அச்சமும் அவருக்கிருந்தது, அது நியாயமானது. 2023 இல் பெற்றர்ஹெல்ப் என்னும் பெரிய இணையச் சிகிச்சை நிறுவனம், தன்னிடம் வந்தோரின் விபரங்களை விளம்பரத்துக்காகப் பேஸ்புக் முதலிய நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்ற குற்றச்சாட்டின்பேரில் 78 இலட்சம் டொலர் செலுத்துமாறு ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு உத்தரவிட்டது. ஆகையால் பெரு நிறுவனங்களை விடுத்து, தனியாகத் தொழில் செய்யும் பதிவுபெற்ற ஒருவரையே அவர் தெரிந்தெடுத்தார். முன்னர் எனக்கு அந்தக் கேள்வியை எழுதிய அம்மையாரே அவர்.

பணமும் ஒரு கேள்வியாகவே நின்றது. மாகாண மருத்துவக் காப்புறுதி இத்தகைய தனியார் ஆலோசகருக்குப் பணம் தருவதில்லை. வேலைத்தலக் காப்புறுதி சில அமர்வுகளுக்குத் தந்தது. சில அமர்வுகளால் என்ன ஆகும் என்று பெரியம்மா கேட்டார். 1,726 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 1997 இல் முடிவுகள் வெளியான பேராய்வொன்றில், இம்முறையைத் தழுவிய நான்கு அமர்வுகள், வேறு இரு முறைகளின் பன்னிரண்டு அமர்வுகளுக்கு ஏறத்தாழ ஈடாகவே நின்றன என்று சொன்னேன். பெரியம்மாவுக்கு ஆய்வில் நம்பிக்கை பிறந்ததோ, செலவு குறைவதில் ஆறுதல் பிறந்ததோ அறியேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நடுக்கமும், வலிப்பும், சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம். உரையாடல் இதற்கு மருந்தாகாது. அந்த அம்மையார் முதலமர்விலேயே அண்ணாவின் அனுமதி கேட்டு இதனை எடுத்துச் சொல்லி, குடும்ப வைத்தியரிடம் போகச் செய்தார். தம் எல்லை தெரிந்தவரை நம்பலாம் என்று எனக்கு அப்போது பட்டது. இலங்கையிலே உள்ளோருக்கு, மனநலத்துக்கான 1926 என்னும் தேசிய தொலைபேசி இலக்கம் எந்நேரமும் உண்டு.

இப்போது ஐந்து அமர்வுகள் முடிந்திருக்கின்றன. வேலை முடிந்ததும் களஞ்சியசாலையின் தரிப்பிடத்தில், காருக்குள் இருந்தபடி, கைத்தொலைபேசியை ஸ்ரியறிங்கிற் சாய்த்துவைத்துக்கொண்டு பேசுகிறாராம். வீட்டிலே பேசினால் சுவருக்கும் காது உண்டு என்கிறார். குடியை முற்றாக விட்டாரோ என்று நீங்கள் கேட்பீர்கள். விடவில்லை. வேலைக்குப் போகுமுன் குடிப்பதை நிறுத்தியிருக்கிறார். ஒரு வாரம் அதிலும் தவறினார், அதனையும் அவரே சொன்னார். அமர்வில் என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை அழைத்தபோது, என் பரீட்சை முடிவைப்பற்றி அவர் நீண்ட உபதேசம் ஒன்று செய்தார். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.