தணலில் ஒரு காபி



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசச் சொல்லிவிட்டார்கள். தூக்கம் வராமலிருக்கக் காபியைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

மலையேறப் போகிற தம்பிகள், விறகுத் தீயில் போடுகிற காபி ஏன் கசக்கிறது என்று கேட்கிறார்கள். தூளைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க விடுவதால்தான்! விறகு எரிந்து தணலாகட்டும். தண்ணீரை மட்டும் கொதிக்க வையுங்கள். சமவெளியில் 100 டிகிரியில் கொதிப்பது, ஊட்டி உயரத்தில் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். காபிக்கு அந்தச் சூடு தாராளம். இறக்கித் தூளைப் போட்டு, கலக்கி, நாலு நிமிஷம் மூடி வையுங்கள். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் தெளித்தால் மண்டி அடியில் தங்கிவிடும்.

குடித்தாயிற்று, கிளம்பலாமா? அதுதான் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீக்கு 20 பேருக்கு மேல் பலியானார்கள். காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அன்று பார்த்தோம். காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவதே குற்றம். அனுமதி உள்ள இடத்திலும் தணலில் தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடே தெரியக்கூடாது.

மெஷினை ஓட்டத் தெரிந்தவன் பாதி இன்ஜினீயர். ஒழுங்காக நிறுத்தத் தெரிந்தவன்தான் முழு இன்ஜினீயர்.