பாட்டை ஏற்றும்போது சத்தத்தையும் அளந்து ஏற்றுங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கியில் குமாஸ்தா வேலை. இவனுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். நம் சங்கத்தின் இணையதளத்தில் விழாப் பாட்டுகளை ஏற்றும் வேலையை ஓய்வு பெற்ற பிறகு நான்தான் பார்க்கிறேன். அதில் நான் செய்த ஒரு தவறையும் அதைத் திருத்திய விதத்தையும் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

பொங்கல் விழாவில் நம் வீட்டுப் பெண்கள் வள்ளி கும்மி ஆடியது நினைவிருக்கும். இது நம் கொங்கு மண்ணின் கலை. வள்ளி ஒயில் கும்மிக்காகவே நம் கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். அன்றைய கும்மிப் பாட்டை, ஜமாப் மேளத்தோடு பதிவு செய்து ஏற்றினேன். 'நல்லா கணீர்னு இருக்கட்டும்' என்று சத்தத்தை முடிந்த மட்டும் கூட்டிவிட்டேன். அதற்கு முன்னால் இறைவணக்கப் பாட்டு ஒன்றும் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டார். எண்பது வயதை நெருங்கியவர். "ஏனுங் தம்பி, பேத்தி பாடுனதைக் கேக்கலாம்னு காதுல மாட்டுனேன். சாமி பாட்டு கேக்கவே இல்லீன்னு சத்தத்தைக் கூட்டி வெச்சேன். அடுத்த பாட்டு வந்ததும் மண்டைக்குள்ள இடி விழுந்தாப்ல ஆயிருச்சு. கழட்டி வெச்சவ, இன்னும் கேக்கலீங்க" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், இரண்டு பாட்டிலும் உச்ச அளவு ஒன்றுதான். பிறகு ஏன் இப்படி?

கணினியில் ஒலியின் உச்ச வரம்பு 0 டெசிபல். அதற்குக் கீழே எல்லாம் மைனஸ் கணக்கு. இறைவணக்கத்தின் நடுவே, மைக்குக்குப் பக்கத்தில் யாரோ எவர்சில்வர் டம்ளரைக் கீழே போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு நொடிதான் 0-வைத் தொட்டது. பாட்டு அடியில்தான் கிடந்தது. கும்மியோ முழுக்க முழுக்க மேலேயே நின்றது.

வங்கிக் கணக்கில் சொன்னால் உங்களுக்குப் புரியும். ஒருவர் கணக்கில் ஒரு நாள் ஒரு லட்சம் வந்து, அன்றைக்கே போய்விட்டது. மாதத்தின் அதிகபட்ச இருப்பு ஒரு லட்சம்தான். ஆனால் சராசரி இருப்பு? காது பார்ப்பது அதிகபட்ச இருப்பை அல்ல, சராசரி இருப்பை.

இந்தச் சராசரியைக் காது உணரும் விதத்தில் அளக்க, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் ஒரு முறையை வெளியிட்டது. அந்த அளவைத்தான் எல்.யு.எஃப்.எஸ். என்கிறார்கள். யூலீன் லவுட்னஸ் மீட்டர் என்ற இலவசக் கருவியில் அளந்தேன். இறைவணக்கம் மைனஸ் 27, கும்மி மைனஸ் 9. பதினெட்டு டெசிபல் வித்தியாசம்! பத்து டெசிபல் கூடினாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும். அந்த அம்மாவின் காது என்ன பாடு பட்டிருக்கும், பாருங்கள்.

யூடியூபில் ஏற்றினால், மைனஸ் 14-க்கு மேல் போகும் சத்தத்தை அவர்களே குறைத்து ஒலிக்க வைப்பார்கள். நம் இணையதளத்தில் அப்படி யாரும் இல்லை. நாம் ஏற்றுவதுதான் கேட்பவர் காதுக்குப் போகும். பொறுப்பு முழுக்க நம்முடையது.

இப்போது நான் செய்யும் முறை இது. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள் போதும்.

முதலில், அசல் பதிவைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். 0-வைத் தாண்டி வெட்டுப்பட்டு ஏற்றுமதியான ஒலியை, பிறகு எவ்வளவு குறைத்தாலும் கரகரப்பு போகாது. அசல் கையில் இருந்ததால்தான் நான் தப்பித்தேன்.

இரண்டாவது, டம்ளர் சத்தம், இருமல், கைதட்டல் போன்ற இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறையுங்கள்.

மூன்றாவது, பாட்டு முழுவதையும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் பட்டியலில் லவுட்னஸ் நார்மலைசேஷன் என்பதை அழுத்தி, அளவைக் கொடுங்கள். நான் முதலில் மைனஸ் 16 கொடுத்தேன். ஜமாப் அடி 0-வைத் தாண்டியது. மைனஸ் 18 கொடுத்ததும் அடங்கியது. எல்லாப் பாட்டுக்கும் அதையே வைத்தேன். பல பேர் சேர்ந்து நடந்தால் மெதுவாக நடப்பவரை ஒட்டித்தானே நடக்கிறோம்? அதுபோல, எந்தப் பாட்டில் அடி பலமோ அதற்கு ஒத்துவரும் அளவே எல்லாவற்றுக்கும்.

நான்காவது, ஆம்ப்ளிஃபை பெட்டியைத் திறந்தால், உச்சத்துக்கு இன்னும் எத்தனை டெசிபல் இடம் இருக்கிறது என்று காட்டும். 1-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். எம்பி3-ஆக மாற்றும்போது உச்சம் சற்று ஏறக்கூடும், அதற்காகத்தான் இந்த இடம். பார்த்துவிட்டு கேன்சல் கொடுத்து வெளியே வாருங்கள்.

கடைசியாக, போனின் சத்தத்தைப் பாதியில் வைத்து, எல்லாப் பாட்டையும் வரிசையாகக் கேளுங்கள். நடுவில் ஒரு தடவைகூடக் கை பட்டனுக்குப் போகக் கூடாது. போனால், கணக்கு இன்னும் டாலி ஆகவில்லை என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. கூட்டி வைத்த பாட்டுதான் முதலில் கேட்கும்போது நன்றாக இருப்பதாகத் தோன்றும். சத்தம் ஏறினால் அடித்தொனியும் கீச்சொலியும் காதில் தூக்கலாக விழுவதுதான் காரணம். அந்த ஆசையில்தான் நான் ஏமாந்தேன்.

புதுப் பதிவை ஏற்றிவிட்டு, நானே அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். காதில் மாட்டக் கொஞ்சம் தயங்கினார். பிறகு கும்மி முடியும் வரை கழட்டவில்லை. "பேத்தி குரல் தனியாத் தெரியுதுங் தம்பி" என்றார்.

உங்கள் வீட்டு விசேஷப் பதிவுகளுக்கும் இதே முறைதான். கற்றுக்கொள்ள விரும்பினால், ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து செய்து பார்க்கலாம். வரும்போது இயர்போன் எடுத்து வாருங்கள்.